காலையில் ஓடும், மதியம் நிற்கும்: பழைய காரின் எஞ்சின் கோளாறைத் தேடிப் பிடித்த கதை

சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய காரில் ஆரஞ்சு நிற எஞ்சின் விளக்கு எரிகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என்ன கோளாறு என்று கேட்கமாட்டார்கள். "இன்னும் எத்தனை மாசம் சிஓஇ இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, 10 ஆண்டுக்கான உரிமைச் சான்று. அடுத்த பேச்சு ஸ்க்ராப் பண்ணுவதைப் பற்றி.

அப்படிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என் காருக்கு 10 ஆண்டு முடிந்தபோது 5 ஆண்டுக்கு மட்டும் சிஓஇ புதுப்பித்தேன். முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியில் பாதியைக் கட்ட வேண்டும். பாதி கட்டியவருக்கு அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. 15 ஆண்டு ஆனதும் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். புதுப்பித்ததோடு, வண்டியைப் பதிவிலிருந்து எடுக்கும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியும் போய்விட்டது. சாலை வரியின் மேல் 10 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 50 விழுக்காட்டில் போய் நிற்கும் கூடுதல் கட்டணம் வேறு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த பரிசோதனை 10 ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் ஆகிவிடும். இத்தனையும் கட்டிவிட்டு வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்க யாருக்கு மனசு வரும்?

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. புதுப்பிக்கக் கட்டிய தொகையை 60 மாதத்தால் வகுத்து வைத்திருக்கிறேன். ரிப்பேர் செலவு அந்த ஒரு மாதத் தொகைக்குள் வந்தால் யோசிக்காமல் செய்துவிடுவது. அதைத் தாண்டினால், மிச்சமிருக்கும் மாதங்களைப் பார்த்து முடிவெடுப்பது. இந்தக் கணக்கு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: செலவு செய்யும்முன் கோளாறு எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

வண்டி 1600 சிசி ஜப்பானிய செடான், ஆட்டோ கியர். வீடு சுவா சூ காங்கில். காலையில் எடுத்தால் எந்தக் குறையும் இல்லை. தீவு விரைவுச்சாலையில் ஓடும்போதும் குறை இல்லை. ஓடிச் சூடான பிறகு டிராஃபிக் லைட்டில் நிற்கும்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். ஏர்கான் கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் சில நேரம் எஞ்சின் அணைந்தே போய்விடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். சனிக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில், பின்னால் பஸ் நிற்க, பச்சை விளக்கு விழுந்த நேரத்தில் வண்டி அணைந்தால் எப்படி இருக்கும் என்பதை அங்கே ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி-0300 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது, குறிப்பிட்ட சிலிண்டர் என்று இல்லாமல் அங்கங்கே மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது என்று அர்த்தம். நான்கு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில், எல்லாம் புதுசு. சில நாள் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. அப்புறம் பழையபடி ஆனது. இரண்டாவது பட்டறையில் பி-0171 வந்தது. எரிபொருள் கலவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சரை மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதற்கும் அசையவில்லை. இடையில் தெரிந்தவர்கள் கொடுத்த ஆலோசனைகளும் உண்டு: 98 பெட்ரோல் போடு, டேங்கில் ஏதாவது கலவை ஊற்று, எஞ்சின் ஃப்ளஷ் பண்ணு. 95 போதுமான எஞ்சினுக்கு 98 ஊற்றினால் மிஸ்ஃபயர் போகாது, பணம்தான் போகும். வயதான எஞ்சினில் ஃப்ளஷ் செய்ய எனக்கு விருப்பமில்லை. உள்ளே படிந்திருக்கும் கசடு பெயர்ந்து எண்ணெய் போகும் வழியை அடைத்தால் அதற்கு வேறு செலவு.

அடுத்ததாக ஃப்யூயல் பம்ப்பை மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, இனி எண்களைப் பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு செருகுமிடம் இருக்கும். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் இதைப் பார்க்கலாம். அதில் செருகும் புளூடூத் கருவி ஆன்லைனில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலி இருந்தால் போதும். கோடு எண்ணைப் படிப்பது அதன் வேலைகளில் மிகச் சின்னது. முக்கியமானவை இரண்டு. ஒன்று ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு எடுத்து வைத்திருக்கும். என் வண்டியில் வேகம் 0, ஆர்பிஎம் 680, கூலன்ட் 96 டிகிரி என்று இருந்தது. ஓடிச் சூடாகி நின்றுகொண்டிருந்த நேரம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கோடை அழித்தால் இந்தக் குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் அப்படித்தான். "முதல்ல கோடை அழிச்சிட்டுப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், அதற்குமுன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஃப்யூயல் டிரிம். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்தது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எரிவதற்கு 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை ஏர் ஃபில்டருக்கு அடுத்துள்ள சென்சர் அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கிறது. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று ஆக்சிஜன் சென்சர் பார்த்துச் சொல்கிறது. மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தல்தான் ஃப்யூயல் டிரிம், விழுக்காட்டில் காட்டும். அந்த நொடிக்கான எண் ஒன்று, பழகிப்போன திருத்தம் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் இடையில் இருப்பது நல்லது.

காற்றை அளக்கும் சென்சரைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஆக்சிஜன் மிச்சம் என்று தகவல் வர, பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். எஞ்சின் சும்மா நிற்கும்போது அது இழுக்கும் காற்று மிகக் குறைவு, அதனால் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்காகிவிடும். 2500 ஆர்பிஎம்மில் அதே ஓட்டைக்கு மதிப்பே இல்லை. ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் நாக்குக்குத் தெரியும். அதே கரண்டியை ஒரு குடம் பாலில் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆகவே நின்றபடி டிரிம் எகிறி, ஆர்பிஎம் ஏற்றியதும் இறங்கினால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். நிற்கும்போது சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் எகிறினால் பெட்ரோல் போதவில்லை என்று பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம், அல்லது காற்றை அளக்கும் சென்சர் அழுக்காகிக் குறைத்துக் காட்டலாம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்திருந்தால் ஃப்யூயல் பம்ப் பேச்சே எழுந்திருக்காது.

இதை அளப்பதில் ஒரு உள்ளூர்ச் சிக்கல். இங்கே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது குற்றம். வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சோதனை செய்ய முடியாது. அதனால் மனைவி பக்கத்து இருக்கையில் கைப்பேசியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எண்ணைப் படித்தார். "என்னங்க, பிளஸ் 24. இப்போ 26. கிளம்பிட்டோம், 5-க்கு வந்துடுச்சு." புக்கிட் தீமா ரோட்டைக் கடப்பதற்குள் விஷயம் ஏறக்குறைய விளங்கிவிட்டது. வீடு திரும்பும்போது அவரே கேட்டார், "அப்போ அந்த ஆக்சிஜன் சென்சர் உண்மையைத்தானே சொல்லிட்டு இருந்துச்சு, அதை ஏன் மாத்தினாங்க?" எனக்கும் பதில் தெரியவில்லை. பி-0171 என்பது சென்சர் பழுது என்று சொல்லும் கோடு இல்லை. கலவையில் காற்று கூடுதல் என்பதைக் கண்டதும் பதியும் கோடு.

கூடவே இன்னொரு சின்னச் சோதனையும் செய்தேன். இரவு முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பார்த்தேன். இரண்டும் 29 டிகிரியை ஒட்டி இருந்தன. நம் ஊர்க் காலைக்கு அது சரி. ஒன்று 29, மற்றது 50 என்று காட்டியிருந்தால் அந்தச் சென்சரே பொய் சொல்கிறது என்று அங்கேயே முடிவு செய்திருக்கலாம்.

ஒரு சின்ன நோட்டும் போட்டேன். எத்தனை மணி, ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம், ஏர்கான் ஓடியதா, மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல். அதில் தெரிந்தவை: மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை, டேங்க் அளவுக்கும் இல்லை. வண்டி சூடாகும்முன் ஒருமுறைகூட வரவில்லை. அணைந்த பிறகு உடனே ஸ்டார்ட் ஆகிறது என்பதும் ஒரு தடயம். எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சர் சூட்டில் செத்துப்போனால், பெரும்பாலும் வண்டி ஆறும்வரை ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

இந்த நோட்டோடு காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். மச்சான் சொன்ன இடம். அங்கே வேலை பார்க்கும் தம்பி ஜோகூர்க்காரர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருபவர். நோட்டை ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணே, காடிய இங்க ராத்திரி விட்டுட்டுப் போகாதீங்க. காலைல ஆறிப்போன காடிய நான் பார்த்தா நல்லாத்தான் ஓடும். ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிட்டு, மதியம் கொண்டு வாங்க, நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். முந்தைய பட்டறைகளில் நான் அலுவலகம் போகுமுன் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுத்தேன். அவர்கள் சோதித்ததெல்லாம் ஆறிய எஞ்சினை. சூட்டில் மட்டும் வரும் கோளாறு அப்போது எப்படிக் கண்ணில் படும்?

மதியம் கொண்டுபோனேன். காற்று உள்ளே போகும் வழியில் ஒரு குழாயைச் செருகி, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டார். புகைச் சோதனை என்பது இதுதான். சிலர் கார்ப் க்ளீனரை அங்கங்கே பீய்ச்சி, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் தீப்பற்றும் திரவத்தை அடிப்பது ஆபத்தான வேலை. செய்யாமல் இருப்பது நல்லது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து, டார்ச் வெளிச்சத்தில், நூல் மாதிரி புகை எழுந்தது. எஞ்சின் உள்ளே சேரும் ஆவியைத் திருப்பி உள்ளிழுக்கும் பிசிவி ஹோஸ். முழங்கை போல மடங்கும் இடத்தில், அடிப்பக்கம் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் போல இருந்தது. கையில் எடுத்து மடக்கியதும் வாயைத் திறந்தது. ரப்பர் ஆறியிருக்கும்போது வெடிப்பு மூடிக்கொள்கிறது, சூட்டில் இளகியதும் விரிகிறது.

ஹோஸின் விலை ஒரு குடும்பம் வெளியே மதிய உணவு சாப்பிடும் செலவைவிடக் குறைவு. கூலிதான் கூடுதல், ஏனென்றால் அதை எட்டிப் பிடிக்க நிறையக் கழற்ற வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பதற்கென்று தனியாக ஒரு மணி நேரக் கூலியும் வாங்கினார். அதை நான் மனநிறைவோடு கொடுத்தேன். இங்கே பலருக்குக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. "செக் பண்ண ஃப்ரீ" என்று போட்டிருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். இலவசமாகப் பார்ப்பவருக்கு வருமானம் பாகம் விற்பதில்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

டிரிம் 3, 4 என்று இறங்கியது. சிக்னலில் அணைவது நின்றது. கதை முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை.

சில நாள் கழித்து, கார் நிறுத்துமிடத்தின் வளைவு மேட்டில் ஏறும்போது எஞ்சின் குலுங்கியது, விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போக நேரம் இருக்கிறது. மின்னினால் நேரம் இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாகத்தின் விலை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பத்திரமான இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறை வரைக்கும்தான் நம் செலவு.

இந்த முறை கோடு பி-0302. இரண்டாவது சிலிண்டர் என்று தெளிவாகச் சொன்னது. தம்பியை போனில் கூப்பிட்டேன். "காயில் புதுசுதானே அண்ணே?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார்: "புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டாவதை மூணாவதுல மாத்திப் போட்டுப் பாருங்க." இதற்கு ஒரு போல்ட், ஒரு கனெக்டர்தான், எஞ்சின் ஆறிய பிறகு வீட்டிலேயே செய்யலாம். இடம் மாற்றி ஓட்டியதும் கோடு பி-0303 ஆனது. காயில் எங்கே போனதோ, கோளாறும் அங்கே போய்விட்டது. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மீது இருந்த சந்தேகமெல்லாம் செலவில்லாமல் விலகியது. கோடு அதே சிலிண்டரில் நின்றிருந்தால், அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்த்திருக்கலாம்.

முதல் பட்டறையில் மாட்டிய நான்கு காயில்களில் ஒன்று மட்டம். ஆக, ஹோஸ் வெடிப்பு பழைய கோளாறு; காயில், ரிப்பேர் செய்யப் போய் வந்த புதுக் கோளாறு. இரண்டும் சேர்ந்து ஓடியதால்தான் எந்தச் சோதனையும் நேராக விடை தரவில்லை. மிஸ்ஃபயர் ஆனாலும் செலவாகாத ஆக்சிஜன் வெளியே வரும், அதுவும் டிரிம்மை ஏற்றும். ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று மறைத்தன.

கழற்றிய பழைய காயில்களை நான் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். கழற்றிய எந்தப் பாகத்தையும் நான் விட்டுவிட்டு வருவதில்லை. நிஜமாகவே மாற்றினார்களா என்று பார்க்க அது ஒரு வழி. இந்த மாதிரி நேரத்தில் அதுவே ஸ்பேர் பார்ட். பழைய காயில் ஒன்றைத் திருப்பி மாட்டினேன். குலுக்கல் நின்றது. அந்தப் பழைய காயில்தான் இன்னும் ஓடுகிறது. அது முதலிலேயே நன்றாக இருந்திருக்கிறது.

அந்த ஆண்டுப் பரிசோதனையில் புகை அளவு சிக்கலில்லாமல் தேறியது. இப்போதும் புளூடூத் கருவி டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சூடான எஞ்சினில் டிரிம் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். விளக்கு எரிவதற்கு ரொம்ப முன்பே அந்த எண் ஏறத் தொடங்கும்.

இன்னும் ஒரு குறை மிச்சம். பிரேக்கை மிதித்து, கியர் டி-யில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு. என்-னுக்கு மாற்றினால் போய்விடுகிறது. ஆர்பிஎம் முள் அசையவில்லை, டிரிம் ஒற்றை இலக்கத்தில், மிஸ்ஃபயர் கணக்கு பூஜ்யம். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று தம்பியும் சொல்லிவிட்டார். மாற்றினால் என் ஒரு மாதக் கணக்கைக் கொஞ்சம் தாண்டும். அடுத்த பரிசோதனைக்கு முன் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிழியாதவரை அதிர்ந்துகொண்டு இருக்கட்டும்.